வீட்டுக்குள் போடும் செருப்பு

என் உடம்பில் இருக்கும் கொழுப்பில் கணிசமான பங்கு இன்னொருவருக்குச் சேரவேண்டியது. அவருக்குப் போகவேண்டிய பாதி வடை, பாதி பூரி, பாதிக்குச் சற்றுக் கூடுதலான பால்கோவா எல்லாம் பல வருடங்களாக என் வயிற்றுக்குள்தான் போயின. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் மறுத்ததாகவும் நினைவில்லை.

சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். சரக்குப் பத்திரங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. அவர் சரிபார்த்ததை இன்னொரு முறை சரிபார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வது என் வேலை. எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் சீன மேனேஜரும் அப்படித்தான் கூப்பிட்டார், அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டு.

அக்காவுக்கு முதலில் வந்தது சர்க்கரை. அதன் பின்னாலேயே ரத்தக்கொதிப்பு வந்தது. பிறகு சிறுநீரகம் தளர்ந்தது. கடைசியாக இதயமும் தன் பங்குக்கு ஒரு மருந்துச் சீட்டைச் சேர்த்தது. இந்த நான்கும் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவரிடம் ஒரு குணம் குடியிருந்தது. சொன்ன விலைக்கு எதையும் வாங்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே அக்கா தலையை ஆட்ட ஆரம்பித்துவிடுவார்.

“அக்கா, நான் இன்னும் விலையே சொல்லல.”

“தெரியும் லா. சொல்லப் போறது ஜாஸ்திதான்.”

மருத்துவர்களிடமும் அதே தலையாட்டல்தான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிற நாட்களில் அவரால் தனியாகத் திரும்ப முடியாது. நானும் புக்கிட் மேராவில் அடுத்த புளோக்கில்தான் குடியிருந்தேன். எனவே துணைக்குப் போவேன். அலுவலகத்தில் என் நாற்காலி காலியாக இருந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும் என்பதால் மேனேஜரும் தடுத்ததில்லை.

சர்க்கரைக்குப் பார்ப்பவர் தவிட்டரிசியும் பயறும் நிறையச் சாப்பிடச் சொன்னார். சிறுநீரகத்துக்குப் பார்ப்பவர் அவை இரண்டையும் குறைத்துவிட்டு வெள்ளை அரிசிக்கே திரும்பச் சொன்னார். இதயத்துக்குப் பார்ப்பவர் எதைச் சாப்பிட்டாலும் தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார். அவர் இளைஞர், தமிழர். மற்ற இருவருக்குமாகச் சேர்த்து அவர் மாட்டிக்கொண்டார்.

“டாக்டர், நீங்க மூணு பேரும் ஒருநாள் கோப்பிக்கடையில உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அதுவரைக்கும் நான் என்ன சாப்பிடறது?”

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“கூடாதுங்கறத எல்லாரும் சொல்லிட்டாங்க. கூடும்னு ஏதாவது சொல்லுங்க.”

“இட்லி சாப்பிடலாம் ஆன்ட்டி.”

“எத்தனை?”

“ரெண்டு.”

“மூணு.”

“ரெண்டு, ஆன்ட்டி.”

“சரி, ரெண்டு. தேங்காய்ச் சட்னி?”

“ஒரு ஸ்பூன்.”

“சின்ன ஸ்பூனா, பெரிய ஸ்பூனா?”

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “நான் நெனச்சிட்டு வந்ததே ரெண்டுதான். மூணுன்னு ஆரம்பிச்சாத்தான் ரெண்டுல வந்து நிக்கும். ரெண்டுன்னு கேட்டிருந்தா ஒண்ணாக்கிருப்பாரு.”

எதையும் முழுசாக விடமாட்டார், முழுசாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார். கோப்பி வேண்டாம் என்று சொன்ன டாக்டரிடம் பேசிப் பேசி, காலையில் அரைக் கோப்பை, சர்க்கரை போடாத கோசோங், அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் கழித்துக்கொள்வது என்று உடன்பாடு செய்துகொண்டார். மீதி அரைக் கோப்பை யாருக்குப் போனது என்று நான் சொல்லவேண்டியதில்லை. இப்போது எனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. நான் அதனிடம் பேரம் பேசுவதில்லை. பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறேன்.

அக்காவின் கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன் மெல்பர்னில். இங்கே மூவறை வீட்டில் அக்கா தனியாக இருந்தார். ஆனால் சனி ஞாயிறுகளில் அந்த வீட்டில் அவரைப் பார்க்க முடியாது. பிள்ளை பிறந்த வீடு, பரீட்சையில் பிள்ளை தேறாத வீடு, அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத வீடு என்று யார் வீட்டிலாவது இருப்பார். போய் உட்கார்ந்து, அரை டம்ளர் தண்ணீர் குடித்து, பேசிவிட்டு வருவார். வாட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்புவதெல்லாம் போய்ப் பார்த்ததில் சேராது என்பது அவர் கட்சி.

பிறகு இடது காலில் சுண்டுவிரல் போனது.

எப்படிப் போனது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு கதை சொன்னார். மேனேஜரிடம், தேக்காவில் ரொம்பவும் விலையைக் குறைத்துக் கேட்டதால் மீன்காரர் கோபத்தில் நறுக்கிவிட்டார் என்றார். பக்கத்து வீட்டுக் குழந்தைகளிடம், நண்டு கேட்டது, கொடுத்துவிட்டேன் என்றார். என்னிடம், “வயசானா ஒண்ணொண்ணா கழட்டி வைக்கத்தான் வேணும். சின்னதுல இருந்து ஆரம்பிச்சிருக்கேன்” என்றார். நான் சிரித்தேன். அதற்கு மேல் கேட்கத் துணிவில்லாதவர்கள் சிரிப்பதுதான் வழக்கம்.

கட்டு பிரித்த அன்று பாலிகிளினிக்கில் கால் பராமரிப்புக்கென்று இருந்த தாதி, அக்காவை உட்காரவைத்துப் பேசினார். நெற்றியில் குங்குமம் வைத்த, கண்டிப்பான தமிழ்ப் பெண். பாதத்தில் உணர்ச்சி அநேகமாக இல்லை, கண்ணாடித் துண்டு குத்தினாலும் தெரியாது, அடுத்த புண் விரலோடு நிற்காமல் பாதத்தையே கேட்கலாம் என்று சொன்னார்.

“இனிமே வெறுங்கால் கூடாது. வீட்டுக்குள்ளயும் சிலிப்பர் போடணும்.”

“குளிக்கிறப்ப?”

“அதுக்குத் தனியா ரப்பர் சிலிப்பர்.”

“சாமி கும்பிடறப்ப?”

தாதியின் கை தானாகத் தன் குங்குமத்தைத் தொட்டு இறங்கியது. பேரத்தில் எதிராளி தடுமாறும் இடம் அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

“அஞ்சு நிமிஷம்?” என்றார்.

“நாற்காலியில உட்கார்ந்து கும்பிடுங்க. சிலிப்பரக் கழட்டுங்க, ஆனா கால் தரையில படக்கூடாது.”

“சரி, முடிஞ்சது” என்றார் அக்கா, மீனைப் பையில் போடச் சொல்லும் குரலில்.

தன் வீட்டுக்கு வழி கிடைத்துவிட்டது. அடுத்தவர் வீடுதான் சிக்கல். இந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் வரவேற்பது வாசலில் கிடக்கும் செருப்புக் கூட்டம்தான். அதைத் தாண்டிக் காலில் எதையும் மாட்டிக்கொண்டு யாரும் உள்ளே போவதில்லை. அக்கா வெறுங்காலோடு போனால் பாதத்துக்கு ஆபத்து. போகாமலே இருந்தால் சனி ஞாயிறு போய்விடும், அதோடு மனிதர்களும் போய்விடுவார்கள்.

“பேசாம வீட்டுல இருங்களேன்க்கா, எல்லாரும் உங்களப் பார்க்க வரட்டும்” என்றேன்.

“வருவாங்க. ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோட வருவாங்க. எனக்கு ஆரஞ்சும் கூடாது” என்றார். “எனக்குக் காலும் வேணும், நாலு வீட்டுக்குப் போகவும் வேணும். ரெண்டுல ஒண்ணுதான் தருவேன்னா அந்தக் கடையில நான் வாங்கல.”

அடுத்த ஞாயிறு தேக்காவில் வீட்டுக்குள் போடும் செருப்பு வாங்கினார். முன்பக்கம் மூடியிருக்கவேண்டும், அடிப்பாகம் தடிப்பாக இருக்கவேண்டும், உள்ளே தையல் உறுத்தக்கூடாது. எல்லாம் பொருந்திய ஒரு சோடி பாதி விலைக்குக் கிடைத்தது. பாதி விலைக்குக் காரணம், ஒவ்வொன்றின் மூக்கிலும் காதுகளோடு ஒரு முயல் முகம் தைத்திருந்தது. பெரியவர்கள் அளவில் முயலைத் தைத்தவர் யாரை நினைத்துத் தைத்தாரோ, வேறு யாரும் வாங்கவில்லை.

அந்தச் செருப்பு தெருவையே பார்த்ததில்லை. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும். பையைச் சுமப்பது அக்கா, மடக்கு முக்காலியைச் சுமப்பது நான். வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெளிச்செருப்பைக் கழற்றி, முயல்களை எடுத்து, அடியை ஈரத்தாளால் துடைத்து, கதவைத் திறப்பவரிடம் காட்டுவார். “பாருங்க, சுத்தமா இருக்கு. கால் சரியில்ல, இதோட வரலாமா?”

முக்கால்வாசிப் பேர் வரச் சொன்னார்கள். சிலர் வரச் சொல்லிவிட்டுத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்தார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மாள் மிக அன்பாகப் பேசியபடியே எங்களுக்குப் பின்னால் துடைப்பத்தோடு வந்தார். அக்கா எதற்கும் முகம் சுளிக்கவில்லை. “செய்தித்தாள் போட்டா என்ன, உள்ளதான உட்கார்ந்திருக்கோம்” என்பார். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காரவைக்கிற வீட்டை மட்டும் அடுத்தமுறை விட்டுவிடுவார்.

அவர் இப்போது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டது. சுண்டுவிரல் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றோடும் போனார். அந்தப் பேரத்தில் அவர் நஷ்டப்படவில்லை என்பதுதான் என் கணக்கு.

அவரை நினைக்கும்போதெல்லாம் செல்வியின் புதுமனை புகுவிழாதான் நினைவுக்கு வருகிறது. செல்வி எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண். அவளும் கணவனும் தெம்பனிஸில் பல வருடம் காத்திருந்து புது வீவக அரசாங்க அடுக்குமாடி வீடு வாங்கியிருந்தார்கள். “அக்கா வராம பால் காய்ச்ச மாட்டேன்” என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தாள். ஐயர் நேரத்தைக் கறாராகச் சொல்லிவிட்டதால் காய்ச்சிவிட்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஹோமம் முடிந்து, வீடெல்லாம் நெய்ப்புகை வாசம். வாசலில் முக்காலியைப் போட்டேன். அக்கா முயல்களை மாட்டிக்கொண்டு எழுந்தபோது செல்வியின் மாமனார் வாசலுக்கு வந்தார். பட்டு வேட்டி கட்டியிருந்தார். துறைமுகத்தில் பலரை வேலை வாங்கி ஓய்வு பெற்றவர் என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. காலையிலதான் ஹோமம் பண்ணிருக்கு. இன்னைக்கு ஒருநாள் உள்ள செருப்பு வேணாம்.”

“தெருவே பார்க்காத செருப்புண்ணே. இந்தாங்க, அடியப் பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். முயலும் அவரைப் பார்த்தது.

“முயலா?”

“ஆமா. ரெண்டு.”

பின்னாலிருந்து செல்வி, “மாமா, அக்காவுக்குச் சக்கரை. கால்ல ஆபரேஷன் ஆயிருக்கு” என்றாள்.

“எனக்கும்தாம்மா சக்கரை, எத்தனையோ வருஷமா. நான் வெறுங்கால்ல நடக்கலையா?” என்று கேட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார். “உங்கள வரவேணாங்கல. அதைக் கழட்டிட்டு வாங்க.”

“கழட்ட முடியாது. ஆனா சாமி படம் இருக்கற பக்கமே வரல. ஹால்ல ஓரமா உட்கார்ந்துக்கறேன்.”

“ஹால்லதான் ஹோமம் வளர்த்தது.”

“சரி, சமையலறை.”

“பால் காய்ச்சினது அங்கதான்.”

“அப்ப இந்த வீட்டுல ஒண்ணும் பண்ணாத இடம் எது?”

அவர் நேர்மையான மனிதர். நின்று யோசித்தார். “பாத்ரூம்” என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியாப்பா, எனக்குப் பாத்ரூம் கிடைச்சிருக்கு. இதுலேர்ந்து ஆரம்பிப்போம்.”

எனக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தது. பாத்ரூமில் ஆரம்பித்தால் சாப்பாட்டுக்குள் படுக்கையறை வரை வந்துவிடுவார் என்று நினைத்தேன். உள்ளே பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்டது. என் நம்பிக்கையில் பசியும் கொஞ்சம் கலந்திருந்தது.

ஆனால் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பார்வை ஹால் தரையில் இருந்தது. வெள்ளை ஓடு பதித்த தரை. அதில் சிவப்புத் திட்டுகள். காலையில் ஆரத்தி எடுத்தார்கள் அல்லவா, அந்தத் தண்ணீர் சிந்தியிருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள், நான் உட்பட. லட்சுமியே நடந்து வந்ததுபோல் இருக்கிறது என்று ஓர் அத்தை கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்த ஜன்னல் வரைக்கும் கொஞ்சம் நடந்துட்டு வாங்க.”

“எதுக்கு?”

“நடங்களேன்.”

பாத்ரூம் கொடுத்த பிறகு இதைக் கொடுப்பதில் அவருக்குச் சங்கடம் இல்லை. ஜன்னல் வரை நடந்து திரும்பினார். போகும்போதும் வரும்போதும் தரையில் புதிதாகச் சிவப்பு பதிந்தது. ஒரு கால் விட்டு ஒரு கால். வலது காலில் மட்டும்.

“வலது காலத் தூக்குங்க” என்றார் அக்கா.

பக்கத்தில் வந்து நின்ற மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். குதிகாலுக்குச் சற்று முன்னால், ஜன்னல் கிரில் மாட்டியவர்கள் விட்டுப்போன சின்னத் திருகாணி ஒன்று தலைவரைக்கும் உள்ளே போயிருந்தது. காலையிலிருந்து அதோடுதான் ஹோமத்தைச் சுற்றி வந்திருக்கிறார், விருந்தாளிகளைக் கும்பிட்டிருக்கிறார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் தன் காலைப் பார்த்தார்.

“வலிக்கவே இல்லையே.”

“வலிச்சாத்தான்ணே நல்லது” என்றார் அக்கா. “ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தார். படம் எடுத்த அத்தை அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மாமனார்தான் முதலில் நிதானத்துக்கு வந்தார்.

“பெரிசு பண்ணாதீங்க. பிடுங்கிட்டு ஒரு பிளாஸ்டர் போட்டுக்கறேன். பந்தி முடியட்டும், சாயங்காலம் போறேன்.”

நான் அக்காவைப் பார்த்தேன். சாயங்காலம் என்று அவர் சொல்லியிருக்கிறார், இப்போதே என்று இவர் சொல்லியிருக்கிறார். முதல் பந்தி முடிந்ததும் என்று எங்காவது நடுவில் வந்து நிற்கும் என்பது என் கணிப்பு.

“இப்பவே” என்றார் அக்கா.

“ஒரு மணி நேரம் லா. சொந்தக்காரங்க எல்லாம் வந்திருக்காங்க.”

“இப்பவே. நீங்க பிடுங்கவும் வேணாம். அவங்க பிடுங்கட்டும்.”

“முதல் பந்தி மட்டும்—”

“அண்ணே, நானும் இதத்தான் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சின்னக் கொப்புளம்தான, தீபாவளி முடியட்டும், வீட்டுல ஆளுங்க இருக்காங்கன்னு. தீபாவளி நல்லபடியா முடிஞ்சிச்சு. விரல் கறுத்துப் போச்சு.” அவர் குரல் உயரவில்லை. “இதுல குறைச்சுக் கேக்காதீங்க.”

மீன்காரரும் இல்லை, நண்டும் இல்லை. அந்த விரலின் உண்மைக் கதையை நான் கேட்டது அன்றுதான்.

“சரி” என்றார் மாமனார். அந்தக் காலை ஊன்றக்கூடாது என்று அக்கா சொன்னதால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மகன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு மின்தூக்கி வரை போனோம். எனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து, “தம்பி, நீங்களும் ஒரு டாக்டரப் பாருங்க” என்றார். அந்த நிலையிலும் அவர் பார்வை கூர்மையாகத்தான் இருந்தது.

டாக்சி போனதும் நான் மேலே வந்தேன். அக்கா தாழ்வாரத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். செல்வி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள வாங்கக்கா. மாமாதான் இல்லையே.”

“அதனாலதான் வரல” என்றார் அக்கா. “அவர் இல்லாத நேரம் பார்த்து நுழைஞ்சா அது வாங்கினது ஆகாதும்மா, எடுத்துக்கிட்டது. அவர் வரட்டும், பேசிக்கறேன். நாங்க பாத்ரூம்லதான் நிறுத்திருக்கோம்.”

வாசலில் உட்காரவைக்கிற வீட்டுக்கு அடுத்தமுறை போகாதவர், அன்று தானாகவே வாசலில் உட்கார்ந்தார். நான் உள்ளே போய்ப் பந்தியில் அமர்ந்தேன். தார்மீகக் காரணங்களுக்காக நானும் வெளியே இருந்திருக்கலாம், ஆனால் பாயசம் வந்துவிட்டது. அக்காவுக்கு அளவாகச் சோறும் ரசமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் வைத்துச் சாப்பிட்டார். அடுத்த வீட்டு மலாய்த் தம்பதி விழாவுக்கு வந்தபோது, வாசலில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருப்பவர்தான் வீட்டுக்குப் பெரியவர் என்று நினைத்து அவரிடமே வாழ்த்துச் சொல்லி, பரிசுப் பையையும் கொடுத்தார்கள். அக்கா அதை வாங்கி, குழந்தைகளைப் பற்றி விசாரித்து, உள்ளே அனுப்பிவைத்தார்.

பந்தியெல்லாம் முடிந்து, சாப்பிட்டவர்கள் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்த நேரத்தில் மின்தூக்கி திறந்தது. மாமனார் ஊன்றுகோலோடு வந்தார். மகன் கூடவே வந்தான். திருகாணியை எடுத்துக் கழுவிக் கட்டியிருந்தார்கள், ஊசியும் போட்டிருந்தார்கள். வலது காலில் கட்டுக்கு மேலே, தடித்த அடியோடு கறுப்பாக ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் காலணி மாட்டியிருந்தது.

வாசல் கோலத்துக்கு முன்னால் வந்ததும் இடது கால் செருப்பைப் பழக்கத்தில் உதறினார். வலது காலை உதறப்போய் நின்றார்.

“கழட்டக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கப்பா. வீட்டுக்குள்ளயும்தான்” என்றான் மகன்.

“தெரியும்” என்றார் அவர்.

கோலத்தைப் பார்த்தார். காலணியைப் பார்த்தார். பிறகு அக்காவின் காலைப் பார்த்தார். அக்கா எழுந்து முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் உட்கார்ந்தார். இடது காலுக்கு மகன் உள்ளே போய் ஒரு புதுச் செருப்பைத் தேடி எடுத்துவந்தான். அக்கா பையிலிருந்து ஈரத்தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் தரையில் உட்கார்ந்து அந்தக் கறுப்புக் காலணியின் அடியை ஓரமெல்லாம் துடைத்தேன். சாப்பிட்ட வயிற்றோடு குனிவது எவ்வளவு கஷ்டம் என்பதை அங்கே யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி, புது வீடு என்ற நினைவில், “வலது கால எடுத்து வெச்சு வாங்க” என்றார்.

அவர் எழுந்து வலது காலைப் பார்த்தார். கறுப்புக் காலணி இருந்தது அதில்தான். அதையே எடுத்து வைத்தார். நிலையைத் தாண்டியதும் நின்று திரும்பி, “வாங்கம்மா, ஹாலுக்கே வாங்க” என்றார்.

முயல்கள் இரண்டும் உள்ளே போயின.